லாடக்காரி பஞ்சம்மாளின் மூன்று போட்டோக்கள்

போட்டோ எடுக்க வேண்டும் என்றால் நம் ஊர்க்காரர்கள் முதலில் செய்கிற காரியம் குளிப்பது. பிறகு தலைவாரி, பவுடர் போட்டு, பீரோவில் இருப்பதிலேயே விலை கூடிய துணியைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். படத்தில் இருக்கும் ஆளை வீட்டு நாய்கூட அடையாளம் காணாது. பஞ்சம்மாளும் அந்தத் தப்பைத்தான் செய்தாள். குதிரைக்கு லாடம் கட்டுகிறவள் என்பதற்கு அத்தாட்சியாகச் சான்றிதழ் அலுவலகத்தில் ஒரு போட்டோ கேட்டார்கள். அவள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு குதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் குதிரையின் பேர் தாசில்தார். எத்தனை தரம் கேட்டாலும் இருந்த இடத்தை விட்டு அசையாது என்பதால் வைத்த பேர். ஆனால் கேமராவைக் கண்டதும் அது ஓடப் பார்த்தது. பஞ்சம்மாள் கயிற்றைப் பிடித்தால்தான் நின்றது. அவள் கையில் கயிறு இருக்க, சுத்தியல் யார் கையிலாவது இருக்க வேண்டுமே என்று போட்டோக்காரன் ஜாஸ்பர் அதைத் தூக்கி அவள் புருஷன் சுருளிராஜனிடம் கொடுத்தான். போடியில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாணம், காதுகுத்து என்று எடுத்துக்கொண்டிருப்பவன் ஜாஸ்பர். அவனுக்குப் படம் அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சுருளிராஜன் வெள்ளை வேட்டி சட்டையில், சுத்தியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தான்.

இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. லாடம் கட்டும் தொழிலாளி: சுருளிராஜன். உதவி: மனைவி.

சுருளிராஜன் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறவன். கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே மறு கையால் டீ குடிப்பான். ஆனால் குதிரை என்றால் மட்டும் பயம். எதிரே குதிரை வந்தால் ரோட்டின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவான். அப்பேர்ப்பட்ட மனிதனை லாடக்காரன் என்று சர்க்கார் காகிதம் சொன்னால் பஞ்சம்மாளுக்கு எப்படி இருக்கும்?

அவள் பிறந்தது கெங்குவார்பட்டி. வாக்கப்பட்டு வந்தது போடிக்கு மேற்கே மலையடிவாரம். மாமியார் வீட்டில் இரண்டு சுமைக்குதிரைகள் இருந்தன. மேலே இருக்கும் தோட்டங்களுக்கு ரோடு கிடையாது. அரிசி, பருப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாம் குதிரை முதுகில்தான் ஏறும். காப்பிக்கொட்டையும் மிளகும் ஆரஞ்சும் அதே முதுகில்தான் இறங்கும். குதிரையைப் பார்த்தால் மிரளுகிற புருஷனுக்குப் பதிலாக, கல்யாணமான ஆறாம் மாதமே அவள் குதிரைகளை ஓட்டிக்கொண்டு மலையேறினாள். அப்போது ஆண்டிபட்டிப் பக்கமிருந்து ஒரு லாடக்காரர் மாதம் ஒருமுறை வருவார். அவர் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டதும் ஆள் வருவது நின்றது. ஒருநாள் நடுமலையில், கூர்க்கல் கிடக்கும் இடத்தில், குதிரைக்கு லாடம் கழன்று விழுந்தது. இரண்டு மூட்டைச் சுமையோடு அது நொண்டுவதைப் பார்த்துப் பாறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு கழன்ற லாடத்தை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. குதிரையின் குளம்பு வெளியே நகம், உள்ளே சதை. ஆணி நகத்துக்குள் நுழைந்து நகத்தின் வழியாகவே வெளியே வரவேண்டும். சதையைத் தொட்டால் குதிரை நொண்டிவிடும். இதைப் பழக அவள் மட்டை உரிக்காத தேங்காயை எடுத்துக்கொண்டாள். மட்டையில் நுழைகிற ஆணி, சிரட்டையைத் தொடாமல் மட்டையிலேயே வெளியே வரவேண்டும். மூன்று மாதம் தேங்காய்தான். அந்த மூன்று மாதமும் அந்த வீட்டில் மூன்று வேளையும் சட்னி. பிறகு சொந்தக் குதிரை, பிறகு பக்கத்து வீட்டுக் குதிரை. இப்போது ஆறு வருஷமாக அந்த மலைப்பாதையில் நடக்கும் இருபத்தாறு குதிரைகளுக்கும் அவள்தான் லாடம் கட்டுகிறாள். அந்த ஆறு வருஷத்தில் ஒரு குதிரைகூட அவள் ஆணியால் நொண்டியதில்லை.

ஆனால் அதைச் சொல்ல எந்தக் காகிதமும் இல்லை. குதிரைக்காரர்கள் சங்கத்தின் கொட்டகையில் ஒரு கரும்பலகை உண்டு. எந்தக் குதிரைக்கு எப்போது லாடம் கட்டியது, யார் கட்டியது, எந்தக் குதிரை ஓய்வில் இருக்கிறது என்று சங்கத் தலைவர் தங்கபாண்டி சாக்பீஸால் எழுதிப் போடுவார். அதில் யார் கட்டியது என்ற இடத்தில் எப்போதும் சுருளிராஜன் பேர்தான். கூப்பிட வேண்டிய போன் நம்பர் அவனுடையது. அவளை ஜீப்பில் கொண்டுவந்து இறக்குவதும் அவன்தான். வேலை நடக்கிறது, குதிரை நடக்கிறது, பேரில் என்ன இருக்கிறது என்று பஞ்சம்மாளும் இருந்துவிட்டாள்.

இந்த வருஷம்தான் அது வினையாக வந்தது. குதிரைகளுக்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமென்றால் சான்றிதழ் உள்ளவர்தான் லாடம் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சங்கமும் முழு வருஷ வேலையை அப்படி ஒருவருக்கே தருவதாகத் தீர்மானம் போட்டது. ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை கூட்டம். வெளியூரிலிருந்து சான்றிதழோடு ஒருவர் ஏற்கெனவே மனுப் போட்டிருந்தார்.

"சுருளி பேர்லதான் வந்திருச்சே, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்த்தா. காகிதத்துல அவன், கையில நீ" என்றார் தங்கபாண்டி.

"நாளைக்கு அவுகளுக்கும் எனக்கும் சண்டை வந்து நான் கெங்குவார்பட்டிக்குப் போயிட்டா, தாசில்தாருக்கு அவுகளா வந்து லாடம் கட்டுவாக?" என்று கேட்டாள் பஞ்சம்மாள். தங்கபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. தன் வேலை தன் பேரில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு முதல் தடவையாக வெறி பிடித்திருந்தது.

கூட்டத்துக்கு எட்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை அவள் சான்றிதழ் தருகிற அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் இவாஞ்சலின் என்ற அதிகாரி. கெட்டவர் இல்லை. பட்டுப்புடவைப் போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்து, "நீங்களே சொல்லுங்கம்மா. இதைப் பார்த்தா லாடம் கட்டுறது யாருன்னு தோணும்?" என்று கேட்டார்.

பஞ்சம்மாள் பார்த்தாள். சுருளிராஜன் சுத்தியலோடு சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கே அவன்தான் என்று தோன்றியது.

"நேர்ல வந்து பாருங்க மேடம். ஒங்க கண்ணு முன்னால அடிச்சுக் காட்டுறேன்."

"நேர்ல பார்க்கிற குழு தை மாசம்தான் வரும். அதுக்கு முன்னாடி வேணும்னா போட்டோதான்."

"வீடியோ எடுத்துட்டு வரவா?"

"வீடியோவை ஃபைல்ல எப்படிம்மா தைக்கிறது?" என்றார் இவாஞ்சலின். "முகம் தெரியணும். கை தெரியணும். குளம்புல ஆணி இறங்குறது தெரியணும். மூணும் ஒரே போட்டோல இருக்கணும். அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள கொண்டு வாங்க."

கேட்பதற்கு ரொம்ப எளிதாக இருந்தது. திங்கட்கிழமை காலையில்தான் அதன் கஷ்டம் தெரிந்தது.

இந்தத் தடவை பஞ்சம்மாள் ஏமாறவில்லை. சேலையை ஏற்றிச் செருகி, மேலே சுருளிராஜனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, மடியில் கிழிந்த ஜீப் சீட்டின் ரெக்சினைக் கட்டிக்கொண்டு வந்தாள். தாசில்தாருக்கு முன்னங்கால் லாடம் மாற்ற வேண்டியிருந்தது. தாசில்தார் தங்கபாண்டியின் சொந்தக் குதிரை. காலையிலேயே கொட்டகையில் கட்டிவிட்டு அவர் தோட்டத்துக்குப் போயிருந்தார்.

முன்னங்காலுக்கு லாடம் கட்டுகிறவர் குதிரையின் வாலைப் பார்த்து நிற்க வேண்டும். காலைப் பின்பக்கமாக மடக்கித் தூக்கி, முழங்கால்களுக்கு நடுவே குளம்பை இடுக்கிக்கொண்டு, இடுப்பை ஒடித்துக் குனிய வேண்டும். அப்படிக் குனிந்தால் முகம் தரையைத்தான் பார்க்கும். ஜாஸ்பர் முன்னால் வந்து எடுத்தான், உச்சந்தலை விழுந்தது. பக்கத்தில் வந்தான்; தோள் விழுந்தது. பின்னால் போனான், அங்கே பஞ்சம்மாளின் முதுகைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. முக்கால் மணி நேரத்தில் இருநூறு படம் எடுத்தான். ஒன்றில்கூட அவள் முகம் இல்லை.

"அக்கா, கொஞ்சம் நிமிர்ந்து கேமராவப் பாருங்க."

"ஆணி இறங்குறப்ப நிமிர முடியாது தம்பி."

"ஒரே ஒரு செகண்டுக்கா."

"வீடு தீப்பிடிச்சாலும் முடியாது."

"அப்ப ஆணி இல்லாம சும்மா சுத்தியல ஓங்கிட்டு நில்லுங்க. நான் எடுத்துக்கிறேன்."

அப்படியும் ஒன்று எடுத்தார்கள். கேமராவின் சின்னத் திரையில் அதைப் பார்த்துவிட்டுப் பஞ்சம்மாள் வேண்டாம் என்றாள். "சான்றிதழ்ல இதப் பாக்குற குதிரைக்காரக மொகத்தப் பாக்க மாட்டாக. ஆணியத்தான் மொதல்ல பாப்பாக. ஆணியே இல்லாம சுத்தியல ஓங்கிட்டு நின்னா, இவ குதிரைய அடிக்கப் போறாளாக்கும்னு நெனப்பாக."

மறுபடியும் குனிந்தாள். இரண்டு ஆணி ஒழுங்காக இறங்கியது. மூன்றாவது ஆணியை விரலால் பிடித்து வைத்தாள். பத்தடி தள்ளி ஜீப்பில் சாய்ந்திருந்த சுருளிராஜனுக்குப் பொறுமை போய்விட்டது. "பஞ்சு! ஒரு தடவ பாரேன். என்ன கொறஞ்சு போச்சு? சாயந்தரம் நான் வண்டி எடுக்கணும்ல!" என்று கத்தினான்.

அவள் நிமிர்ந்தாள். கேமரா சொடுக்கியது. அந்த ஒரு நொடியில் கை தன் பாட்டுக்கு இரண்டு அடி அடித்துவிட்டது.

நல்ல நகத்தில் இறங்கும் ஆணிக்கு ஒரு சத்தம் உண்டு. அடிக்க அடிக்கக் கெட்டியாகக் கேட்கும். இது பொத்தென்று கேட்டது. தாசில்தார் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு காலை வெடுக்கென்று இழுத்தது. பஞ்சம்மாள் காலை விடவில்லை. குறட்டால் ஆணியைப் பிடுங்கினாள். நுனியில் கடுகளவு ரத்தம் இருந்தது.

அவள் யாரையும் திட்டவில்லை. மற்ற இரண்டு ஆணிகளையும் பிடுங்கி, லாடத்தைக் கழற்றி, குளம்பைக் கழுவி டிங்சர் ஊற்றித் துணி வைத்துக் கட்டினாள். கால்நடை டாக்டருக்குப் போன் செய்து ஊசி போட வரச் சொன்னாள். அடுத்து தங்கபாண்டியின் நம்பரைப் போட்டாள். சுருளிராஜன் ஓடிவந்து, குதிரைக்கு இரண்டு கஜம் தள்ளி நின்று, "இப்பவே சொல்லணுமா? சனிக்கிழமை கூட்டம் முடியட்டுமே. கல்லுல எடறிருச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றான்.

"குதிரைக்குத்தான் வாய் இல்ல. நமக்குமா இல்ல?" என்றாள் பஞ்சம்மாள்.

தங்கபாண்டி அரைமணி நேரத்தில் வந்தார். குளம்பைத் தொட்டுப் பார்த்தார். டாக்டர் ஊசி போட்டு, மூன்று நாள் ஓய்வு போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு தங்கபாண்டி கரும்பலகைக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்தார். 'தாசில்தார். ஓய்வு மூன்று நாள். ஆணி சதையில் ஏறியது' என்று எழுதிவிட்டு, யார் கட்டியது என்ற இடத்தில் 'சு' என்று ஆரம்பித்தார்.

"யாரு பேர எழுதுறீக அண்ணே?"

"வழக்கமா எழுதுற பேருதான்."

"அவுக அடிக்கல. நான்தான் அடிச்சேன். பஞ்சம்மாள்னு எழுதுங்க."

தங்கபாண்டி திரும்பிப் பார்த்தார். "ஆறு வருஷமா நல்லதுக்கெல்லாம் அவன் பேர எழுதுனப்ப சும்மா இருந்த. கெட்டதுக்கு மட்டும் ஒம்பேரா?"

"நல்லதுக்குக் கேக்காம விட்டது என் தப்பு. இதுக்கும் கேக்காம விட்டா அது ரெண்டாவது தப்பு."

அவர் கட்டைவிரலால் 'சு'வைத் தேய்த்துவிட்டுப் பஞ்சம்மாள் என்று எழுதினார். அந்தப் பலகையில் அவள் பேர் ஏறியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆறு வருஷத்தில் எத்தனையோ நல்ல ஆணி அடித்தும் வராத பேர் இதற்கா வர வேண்டும் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனாலும் பார்வையை எடுக்காமல் அந்தப் பேரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கூட்டத்துல இதக் கேப்பாக" என்றார் தங்கபாண்டி.

"கேக்கட்டும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஜாஸ்பர் ஒரு கவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தான். உள்ளே பெரிய பிரிண்ட் ஒன்று. பஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்த அந்த நொடி. முகம் பளிச்சென்று இருந்தது. சுத்தியல் பிடித்த கை இருந்தது. குளம்பு இருந்தது, ஆணி இருந்தது. அதிகாரி கேட்ட மூன்றும் ஒரே படத்தில் இருந்தன. சுருளிராஜன் ஜாஸ்பரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

பஞ்சம்மாள் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். லாட ஆணியின் தலையில் ஒரு பக்கம் சின்னப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி குளம்பின் நடுவைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் ஆணி வெளிப்பக்கமாக வளைந்து நகத்தின் வழியே வரும். புள்ளி வெளியே திரும்பிவிட்டால் ஆணி உள்ளே வளைந்து சதைக்குப் போகும். படத்தில் அந்தப் புள்ளி கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்தபோது விரல்களுக்கு நடுவே ஆணி திரும்பியிருக்கிறது.

"இது வேணாம்" என்றாள்.

"என்னது?"

"இதுல நான் லாடம் கட்டல. குதிரையக் குத்துறேன்."

சுருளிராஜனுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஆபீஸ்ல இருக்கவுகளுக்கு இந்தப் புள்ளியா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுதே. சான்றிதழ சங்கக் கொட்டகையில மாட்டுவாக. இருபத்தாறு குதிரைக்காரகளும் தெனம் பாப்பாக. பாத்ததும் சொல்லிருவாக, இவ தலகீழா ஆணி வெச்சவன்னு."

"வேற படம் ஏது? நீதான் நிமிர மாட்டேங்கறியே!"

அவள் படத்தைக் கவருக்குள் போட்டு ஜாஸ்பரிடமே திருப்பிக் கொடுத்தாள். ஜாஸ்பர் கிளம்பும்போது கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "மொதப் போட்டோல அண்ணன் கையில சுத்தியலக் குடுத்ததும் நான். நேத்து ஒங்கள நிமிரச் சொன்னதும் நான்தான்க்கா" என்றான்.

"நீ சொல்லுவ. நிமிர்ந்தது நான்ல" என்றாள் பஞ்சம்மாள். பிறகு ஏதோ தட்டுப்பட்ட மாதிரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் தம்பி, நான்தான நிமிரக் கூடாது? நீ குனியலாம்ல?"

"குனிஞ்சாலும் பத்தாதுக்கா. ஒங்க மொகம் தரையத்தான பாக்குது."

"அப்பத் தரையில படு."

ஜாஸ்பர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவன் சிரிப்பு நின்றது. அவள் முகத்துக்கு நேராகத் தரையில் படுக்க வேண்டுமென்றால், குதிரையின் பின்னங்கால் பக்கத்தில் தலையை வைத்துப் படுக்க வேண்டும்.

"முன்னங்கால் ஒண்ணு எங்கிட்ட இருக்கறப்ப அது பின்னங்காலத் தூக்காது. தூக்குனா அதுவே விழுந்திரும். அது தாசில்தாருக்குத் தெரியும்" என்று பஞ்சம்மாள் விளக்கினாள்.

"மறந்துட்டா?" என்று கேட்டான் ஜாஸ்பர்.

வியாழக்கிழமை காலை. தாசில்தாரைக் கெட்டித் தரையில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். காலில் நொண்டல் இல்லை. தங்கபாண்டி கையைக் கட்டிக்கொண்டு, "அதே காலு. இன்னொருக்க ஆணிய ஏத்துனா, சனிக்கிழமை கூட்டத்துக்கு வர வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தூணோரம் நின்றார்.

ஜாஸ்பர் உரச்சாக்கை விரித்துப் படுத்தான். படுப்பதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டான். தாசில்தார் வாலைச் சுழற்றி அவன் முகத்தில் ஒரு வீசு வீசியது. அப்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஜீப்போரம் நின்ற சுருளிராஜன், செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு அடியாக நடந்துவந்து குதிரையின் இடுப்பில் கையை வைத்தான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவன் குதிரையைத் தொட்டது அன்றுதான். "அசஞ்சா சொல்றேன்டா ஜாஸ்பரு. நீ எடு" என்றான்.

பஞ்சம்மாள் குனிந்தாள். நான்கு ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டாள். காயப்பட்ட இடத்து ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு, அடுத்ததில் ஆணியை வைத்தாள். புள்ளி உள்ளே இருக்கிறதா என்று பார்த்தாள். இன்னொரு தரமும் பார்த்தாள். அடித்தாள். சத்தம் கெட்டியாக வந்தது. கீழே கேமரா சொடுக்கிக்கொண்டே இருந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவள் காதில் விழுந்திருக்காது. கடைசி ஆணியின் நுனியைத் திருகி ஒடித்து, அரத்தால் ராவி, காலைக் கீழே விட்டபோதுதான் அவள் நிமிர்ந்தாள். தாசில்தார் காலை ஊன்றி நின்றது. தங்கபாண்டி வந்து குளம்பைச் சுற்றி வெளியே வந்த ஆணிகளின் வரிசையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, குதிரையை அவிழ்த்துக்கொண்டு போனார்.

படத்தைப் பார்த்தார்கள். தலைமுடி கலைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. மூக்கு நுனியில் ஒரு சொட்டு வியர்வை. உதட்டில் மூன்று ஆணி. புருவம் முடிச்சுப்போட்டிருந்தது. கண் ஆணியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

"சண்டைக்குப் போறவ மாதிரி இருக்க" என்றான் சுருளிராஜன்.

"லாடம் கட்டுறவ மாதிரி இருக்கேன்ல?"

அவன் ஒரு நிமிஷம் பார்த்தான். "இருக்க" என்றான்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு இவாஞ்சலின் அந்தப் படத்தை நேராகவும் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்தார். "வாயில ஆணி இல்லாம எடுத்திருக்கக் கூடாதாம்மா?"

"ரெண்டு கையிலயும் வேலை இருக்கே மேடம். வேற எங்க வைக்க?"

"கீழே இருந்து எடுத்ததுல முகமே மாறித் தெரியுது. இது நீங்கதான்னு நான் எதை வெச்சுக் கையெழுத்துப் போடுறது?"

கூட வந்திருந்த ஜாஸ்பர் யாரையும் கேட்காமல் பையிலிருந்து, திங்கட்கிழமை அவள் நிமிர்ந்த அந்தப் படத்தை எடுத்து நீட்டினான். அதே சட்டை, அதே ரெக்சின், அதே குதிரை. இவாஞ்சலின் முகம் மலர்ந்தது. "அட, இது அருமையா இருக்கே! முகம், கை, ஆணி எல்லாம் இருக்கு. இதையே தைச்சிடுறேன். ஒரு நிமிஷ வேலை."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுவரில் மணி பதினொன்று ஐம்பது. பஞ்சம்மாள் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். படத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் எழுத்துக் கூட்டி எழுதினாள்: ஆணி தப்பாக இறங்கிய படம். அடித்தது பஞ்சம்மாள்.

"மொகத்துக்கு இதப் பாருங்க மேடம். வேலைக்கு அதப் பாருங்க. ரெண்டுலயும் நான்தான்."

இவாஞ்சலின் அதை இரண்டு முறை படித்தார். தனக்கு எதிராகத் தானே அத்தாட்சி எழுதிக்கொடுக்கிற மனுதாரரை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஊசியை எடுத்து இரண்டு படத்தையும் ஃபைலில் சேர்த்துத் தைத்தார். சாயங்காலம் கையில் கொடுத்த சான்றிதழில், உதட்டில் ஆணி கவ்விய படம் ஒட்டி, அதன்மேல் முத்திரை குத்தியிருந்தது.

சனிக்கிழமை கொட்டகை நிறைந்திருந்தது. வெளியூர்க்காரர் சலவைச் சட்டையில் வந்திருந்தார். இருபது வருஷமாக லாடம் கட்டுவதாகவும், ஒரு தடவைகூடத் தன் ஆணி சதையில் ஏறியதில்லை என்றும் சொன்னார். எல்லோரும் பஞ்சம்மாளைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள்.

"நான் ஏத்தியிருக்கேன். அந்தா போர்டுல இருக்கு. நிமிரக் கூடாத நேரத்துல நிமிர்ந்தேன். இனிமே நிமிர மாட்டேன். தாசில்தாரு நேத்து ரெண்டு மூட்டையோட எறங்கி வந்துச்சு, பாத்திருப்பீக" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மூன்று குதிரை வைத்திருக்கும் அக்கம்மாள்தான் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள். "ஏறுனா சொல்ற ஆளுகிட்டக் குதிரையக் குடுக்கறதா, ஏறவே ஏறாதுன்னு சொல்ற ஆளுகிட்டக் குடுக்கறதா? எங்குதிரை மூணும் பஞ்சம்மாகிட்டத்தான் போகும். நீங்க எப்படியோ பாத்துக்கோங்க." அதன்பிறகு கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. எண்ணிப் பார்க்க அவசியம் வரவில்லை.

தங்கபாண்டி ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார். குதிரை தேறிவிட்டால் ஓய்வு வரியை அழித்துவிடுவது சங்கத்தின் வழக்கம். துணியைப் பலகையில் வைத்தார்.

"அண்ணே" என்றாள் பஞ்சம்மாள். "மத்தது எல்லாத்தையும் அழிச்சிருங்க. பேர மட்டும் விட்டுருங்க."

அவர் அப்படியே செய்தார். தாசில்தார் போனது, ஓய்வு போனது, சதையில் ஏறிய ஆணியும் போனது. வலப்பக்க ஓரத்தில் பஞ்சம்மாள் என்ற பேர் மட்டும் நின்றது. பிறகு அவர் இடப்பக்கம் மேலிருந்து கீழாக இருபத்தாறு குதிரைகளின் பேரையும் ஒவ்வொன்றாக எழுதி, ஒரு நீளக் கோடு இழுத்து, அந்தப் பேரில் கொண்டுவந்து சேர்த்தார்.